ஜாஸ் சாக்ஸபோனில் முதலில் எதைக் கேட்பது? என் பதில்: 'சாக்ஸபோன் கொலாஸஸ்'

"ஜாஸ் கேட்டுப் பழக்கமில்லை, ஆனால் சாக்ஸபோன் சத்தம் பிடிக்கும். கிளாசிக் என்று சொல்கிற ஆல்பங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். அதை ஏன் இத்தனை வருஷமாகக் கொண்டாடுகிறார்கள் என்றும் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

நான் சொல்வது சாக்ஸபோன் கலைஞர் சானி ரோலின்ஸின் 'சாக்ஸபோன் கொலாஸஸ்'. 1956 ஜூன் 22, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் பதிவானது. ஐந்து உருப்படிகள், சுமார் நாற்பது நிமிஷம். டெனர் சாக்ஸபோன், பியானோ, டபுள் பேஸ் (ஆள் உயரத் தந்தி வாத்தியம், கீழ்ச் சுரங்களுக்கு), டிரம்ஸ் என்று நான்கே பேர்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு வழக்கமாக மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைத்தான் கையில் கொடுப்பார்கள். அருமையான ஆல்பம், மறுபேச்சே இல்லை. ஆனால் அதில் மூலவர் ட்ரம்பெட். அதோடு, பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்கிற அளவுக்கு அது இதமானது. ஜாஸ் என்றாலே மங்கின வெளிச்சத்தில் ஓடும் இசை என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுவதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். இன்னொரு டெனர் கலைஞரான ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இன்னொரு சிகரம். அது ஒரு பிரார்த்தனை. அதற்குள் போவதற்குக் காது கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். 'சாக்ஸபோன் கொலாஸஸ்' அப்படியில்லை. முன்பின் தெரியாதவர்கூட முதல் நிமிஷத்திலேயே உள்ளே போய்விடலாம். ஐம்பது வருஷம் கேட்டவருக்கும் அதில் புதிதாக ஏதாவது அகப்படும். அது எப்படி என்று சொல்வதுதான் இந்தப் பதில்.

நம் பக்கத்தில் சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அவர் வாசித்தது ஆல்டோ சாக்ஸபோன். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகிற கமகத்தை அதில் கொண்டுவந்தார். ரோலின்ஸ் வாசித்தது டெனர். வாத்தியமும் பெரியது, சத்தமும் கனமானது, ஆண் குரலுக்குப் பக்கத்தில் வருவது. அவர் சுரங்களை இழைப்பதைவிட வெட்டி வெட்டி வைப்பதுதான் அதிகம். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் நாக்கு படுகிற சத்தம் தெரியும். நடுக்கம் குறைவு, தொனி உலர்ந்தது, நேரானது. அன்றைக்கு மெல்லிசாக, காற்று கலந்த தொனியில் வாசித்துப் பேர் வாங்கிய டெனர்காரர்கள் நிறைய இருந்தார்கள். ரோலின்ஸ் அந்த வழிக்குப் போகவில்லை. அவருடைய ஆதர்சம் கோல்மன் ஹாக்கின்ஸ், டெனரை ஜாஸின் முதன்மை வாத்தியங்களில் ஒன்றாக ஆக்கியவர்.

இந்தப் பதிவின்போது ரோலின்ஸுக்கு வயது 25. நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். பெற்றோர் கரீபியக் கடலில் உள்ள வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். பள்ளி நாட்களிலேயே பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கின் வீட்டுக்குப் போய் ஒத்திகை பார்த்தவர். மாங்க் ஒரு மெட்டை எடுத்தால், அதற்கு மேல் தனி வாசிப்பு நடக்கும்போதும் அந்த மெட்டைக் கைவிட மாட்டார். இந்தச் சங்கதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஜாஸ் வாசிப்பின் அடிப்படை ஏற்பாடு இதுதான். முதலில் மெட்டை வாசிப்பார்கள். அந்த மெட்டுக்குக் கீழே கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின், ஒரு வரிசை உண்டு. மெட்டு முடிந்ததும் அந்த வரிசை மறுபடி முதலிலிருந்து சுற்றும்; அதன்மேல் ஒவ்வொருவராகத் தங்கள் மனோதர்மத்தை, அதாவது அந்த நேரத்துக் கற்பனையை, வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும். 1940களில் பிபாப் என்கிற வேகமான ஜாஸ் பாணி வந்த பிறகு, கார்டுகள் மாறுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்து நுணுக்கமாக, மின்னல் வேகத்தில் சுரங்களைக் கொட்டுவதே திறமைக்கு அளவுகோலாகிவிட்டது. பல வாசிப்புகளில் மெட்டு ஆரம்பத்தில் ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போய்விடும், நடுவில் வருவதற்கும் அதற்கும் ஒட்டு உறவு இருக்காது.

ரோலின்ஸ் அதையும் செய்யக் கூடியவர்தான். ஆனால் இந்த ஆல்பத்தில் அவர் செய்வது வேறு, மெட்டைக் கைவிடாத அந்த மாங்கின் வழி. சின்னதாக ஒரு துணுக்கை எடுக்கிறார். அதை நம் காதில் பதிய வைக்கிறார். பிறகு அதைத் திருப்பிப் போடுகிறார், நீட்டுகிறார், பாதியில் நறுக்குகிறார், தாளத்தில் ஒரு அரை அடி தள்ளி வைக்கிறார், கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எதிர்பாராத இடத்தில் திரும்பக் கொண்டுவருகிறார். கச்சேரி கேட்டவர்களுக்கு நிரவல் தெரியும்: ஒரே ஒரு சாகித்திய வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் அதே தாள இடங்களில் நிற்க, ராகத்தின் ஒவ்வொரு மூலையிலும் அதைப் பாடிக் காட்டுவார்கள். வரி மாறவில்லை என்பதால்தான் பாடகர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது நமக்குப் புரிகிறது. ரோலின்ஸின் வாசிப்பைப் பின்தொடர அந்தக் காது அப்படியே உதவும். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே சொல் கிடையாது, அந்தத் துணுக்கே சொல்லாக நிற்க வேண்டும். அடியில் கார்டுகள் வேறு மாறிக்கொண்டே இருக்கும், துணுக்கு ஒவ்வொரு தடவையும் புதிய கார்டுக்கு ஒத்துப்போக வேண்டும்.

முதல் உருப்படி 'செயிண்ட் தாமஸ்'. மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸோடு தொடங்குகிறது. வர்ஜின் தீவுகளில் ஒன்றின் பெயர் இது, ரோலின்ஸின் அம்மா பிறந்த ஊர். மெட்டும் அந்தப் பக்கத்து மரபு மெட்டு, கலிப்ஸோ என்கிற கரீபிய ஆட்ட நடை. ஆல்பத்தில் ரோலின்ஸ் பெயரில் போட்டிருந்தாலும், சின்ன வயதில் அம்மா பாடிக் கேட்டதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பதினாறே பார் (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்) நீளமுள்ள எளிய மெட்டு, ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

மெட்டு முடிந்து தனி வாசிப்பு தொடங்குகிற இடத்தைக் கவனியுங்கள். எல்லோரும் ஓடத் தொடங்குகிற அந்த இடத்தில் ரோலின்ஸ் இரண்டே சுரம் வாசிக்கிறார். நிறுத்துகிறார். மறுபடி இரண்டு சுரம், ஆனால் தாளத்தில் வேறு இடத்தில் விழுகிறது. மறுபடியும். இந்த இரண்டு சுரத்தை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்யப்போகிறார் என்று நாம் யோசிக்கத் தொடங்குவதற்குள் அது வளர்ந்து வாக்கியமாகிவிடுகிறது. சுற்றுக்குச் சுற்று கனம் கூடுகிறது. பிறகு ரோச் தனியாக வாசிக்கிறார். அது முடிந்து ரோலின்ஸ் திரும்ப வரும்போது கலிப்ஸோ போய் ஜாஸுக்கே உரிய நேரான ஸ்விங் நடை வந்துவிடுகிறது, பேஸ் நான்கு அடியிலும் நடக்கிறது. ஒரே மெட்டு, ஒரே கார்டுகள், ஆனால் தரையே மாறிவிட்டது. டாமி ஃப்ளானகனின் பியானோவும் அந்த நடையிலேயே போய், கடைசியில் கலிப்ஸோவும் மெட்டும் சேர்ந்து திரும்புகின்றன. ஏழு நிமிஷத்துக்கும் குறைவு. ஜாஸ் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசி உருப்படி 'ப்ளூ செவன்' இதற்கு நேர் எதிர்க்கோடி. பதினொரு நிமிஷத்துக்கு மேல் நீளும் மெதுவான ப்ளூஸ். டக் வாட்கின்ஸின் பேஸ் மட்டும் தனியாக நடந்து வருகிறது. ரோலின்ஸ் நுழைகிறபோது மெட்டு என்று சொல்ல முழுசாக எதுவும் இல்லை: மூன்று நான்கு சுரம், இடைவெளி, இன்னும் மூன்று நான்கு. அந்தச் சுரங்களும் எதை ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன என்று உடனே பிடிபடாது, வேண்டுமென்றே மழுப்பலாக வைத்திருக்கிறார். ப்ளூஸின் பன்னிரண்டு பார் சுற்று அடியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, மேலே இந்த அரைகுறைத் துணுக்குகள். அப்புறம் அவர் வாசிப்பதெல்லாம் அந்தத் துணுக்குகளிலிருந்து பிறப்பவைதான். நடுவில் ரோச்சின் தனி வருகிறது. அதுவும் டிரம்ஸில் உருட்டித் தள்ளுகிற வகையில்லை. மும்மூன்றாக விழும் ஒரு சொல்லையும் ஒரு நீண்ட உருட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை நேரத்தையும் கட்டுகிறார். இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள் என்பது அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

இந்த உருப்படியைப் பற்றி இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் 1958இல் 'தி ஜாஸ் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ஜாஸ் தனி வாசிப்பை இப்படி, ஒரு துணுக்கிலிருந்து முழுக் கட்டடமும் எப்படி எழுகிறது என்று, சுரம் சுரமாகப் பிரித்துக் காட்டியது அன்றைக்குப் புதிது. இன்றும் ஜாஸ் படிக்கிறவர்கள் அதைப் படிக்காமல் தாண்ட முடியாது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதோடு வாதிட்டிருக்கிறார்கள். ஷுல்லர் சொன்ன அளவுக்கு எல்லாமே அந்த நிமிஷத்தில் ஒரே விதையிலிருந்து முளைத்ததல்ல, ரோலின்ஸுக்கு ஏற்கெனவே கைவசம் இருந்த பிடிகளும் அதில் உண்டு என்பது அவர்கள் கட்சி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. கைவசச் சரக்கு இல்லாத மனோதர்மம் எந்தச் சங்கீதத்திலும் கிடையாது. எந்த இடத்தில் எதை எடுக்கிறார் என்பதில்தான் வாசிக்கிறவர் தெரிவார்.

பாராட்டப்பட்டவருக்கு அந்தக் கட்டுரை சந்தோஷத்தைத் தரவில்லை என்பது முக்கியமான விஷயம். யோசிக்காமல் செய்ததை இன்னொருவர் இப்படி விளக்கிவிட்டால், அடுத்த தடவை வாசிக்கும்போது அந்த விளக்கம் குறுக்கே வந்து நிற்கும். தன்னைப் பற்றி எழுதுவதைப் படிப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்ததாக ரோலின்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆகவே நான் மேலே சொன்னதையெல்லாம் ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டு, கேட்கும்போது மறந்துவிடுங்கள்.

நடுவில் உள்ள மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்' 1941இல் வந்த காதல் பாட்டு. ரோலின்ஸ் அதில் உருகவில்லை. வலியைக் கனத்த குரலில், நிமிர்ந்து நின்று சொல்கிறார். ஆல்பத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் உருப்படி இதுதான், தாண்டாதீர்கள். 'ஸ்ட்ரோட் ரோட்' வேகமானது. பொரிந்து விழுகிற மெட்டு, இடையில் பியானோ ஒதுங்கிக்கொள்ள சாக்ஸபோனும் பேஸும் மட்டும் பேசிக்கொள்கிற ஒரு பகுதி உண்டு. 'மோரிடாட்' என்பது குர்ட் வைல் 1928இல் ஒரு ஜெர்மன் மேடை நாடகத்துக்காகப் போட்ட மெட்டு. 'மேக் த நைஃப்' என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்தது. பத்து நிமிஷம் வாசிக்கிறார்கள். என் கணக்கில் அது கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஃப்ளானகனின் பியானோ அதில் அவ்வளவு சுத்தம், குறைக்கச் சொல்ல மனம் வராது.

ஃப்ளானகனும் வாட்கின்ஸும் டெட்ராய்ட்காரர்கள். ஃப்ளானகனுக்கு 26 வயது, வாட்கின்ஸுக்கு 22. இரண்டு பேரும் ரோலின்ஸோடு போட்டி போடவில்லை. வாட்கின்ஸின் பேஸ் சுரங்கள் உருண்டு திரண்டு, ஒன்றைக்கூட விடாமல் விழுகின்றன; அந்த நடை இப்படி உறுதியாக இருப்பதால்தான் ரோலின்ஸால் தாளத்தை இழுத்தும் பிந்தியும் விளையாட முடிகிறது. ஆறு வருஷத்தில், 1962இல், கார் விபத்தில் வாட்கின்ஸ் இறந்துபோனார்.

இந்தப் பதிவைச் சுற்றி இருந்த வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். ரோலின்ஸ் ஹெராயினுக்கு அடிமையாகிச் சிறைக்குப் போனவர். 1955இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் தாமாகச் சேர்ந்து அதிலிருந்து மீண்டார். உடனே மேடைக்குத் திரும்பவில்லை. பழைய சகவாசத்துக்குப் பயந்து சிகாகோவில் தங்கி, பெருக்கித் துடைக்கிற வேலை உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்தார். அந்த வருஷக் கடைசியில் ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனும் மேக்ஸ் ரோச்சும் சேர்ந்து நடத்திய குழுவில் சேர்ந்தார். பிரவுன் போதையின் பக்கமே போகாதவர். சுத்தமாக வாழ்ந்துகொண்டும் பெரிய கலைஞனாக இருக்கலாம் என்பதை அவரிடம்தான் பார்த்ததாக ரோலின்ஸ் சொல்வார். 'சாக்ஸபோன் கொலாஸஸ்' அந்தக் காலத்துப் பதிவு. வாசிப்பில் இருக்கிற நிதானமும், நிறுத்தி இடைவெளி விடுகிற தைரியமும், மீண்டு வந்த ஒரு மனிதனுடையவை.

பதிவு முடிந்து நான்காம் நாள், ஜூன் 26, பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் பிரவுன் இறந்தார். வயது 25. குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் அவர் மனைவியும் கூடவே போனார்கள். ரோலின்ஸும் ரோச்சும் அந்தக் காரில் இல்லை. ஆல்பத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து வாசிக்கிற 'செயிண்ட் தாமஸ்' அந்தச் செய்தி வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பதிவானது. இது தெரிந்த பிறகு என்னால் அதை வேறு மாதிரி கேட்க முடிவதில்லை.

பதிவின் தரமும் ஆல்பம் நிலைத்ததற்கு ஒரு காரணம். நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ரூடி வான் கெல்டர் என்பவருடைய பெற்றோர் வீட்டுக் கூடம்தான் ஸ்டூடியோ. பகலில் அவருக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற தொழில். ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் என்ற இரண்டு இசைத்தட்டு நிறுவனங்களும் தங்கள் முக்கியமான பதிவுகளை அவரிடம்தான் செய்தன. இந்த ஆல்பம் பிரெஸ்டீஜுக்கானது. சாக்ஸபோன் உங்கள் முன்னால் இரண்டடி தள்ளி நிற்கிற மாதிரி ஒலிக்கும், வாயிலிருந்து வாத்தியத்துக்குள் போகிற மூச்சுகூடத் தெரியும். மோனோவில், அதாவது எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில், செய்த பதிவு, மோனோவிலேயே கேளுங்கள். அறுபதுகளில் இதைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி ஒரு பதிப்பு போட்டார்கள். அதில் அந்த நெருக்கம் கரைந்துவிட்டது.

சரி, ஏன் நிலைத்தது? திறமை என்று சொன்னால் போதாது, 1956இல் திறமைசாலிகளுக்குக் குறைவே இல்லை. ஒரு மாதம் முன்புதான் ரோலின்ஸும் கோல்ட்ரேனும் சேர்ந்து 'டெனர் மேட்னஸ்' வாசித்திருந்தார்கள். என் அபிப்பிராயம் இது: ஒரு மனிதன் யோசிப்பதை, யோசிக்கிற அந்த வேளையிலேயே, எட்ட நின்று வியக்காமல் கூடவே போய்க் கேட்க முடிகிற பதிவுகள் அபூர்வம். பெரிய வித்வான்களின் மனோதர்மம் பெரும்பாலும் நம்மை மலைக்க வைக்கும். ரோலின்ஸ் தன் கையில் இருப்பதை முதலிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்: இதோ இரண்டு சுரம், இதோ ஒரு துணுக்கு. அடுத்து என்ன என்று நாமும் ஊகிக்கிறோம். சில இடத்தில் ஊகம் சரியாகிறது, சில இடத்தில் அவர் நம்மைத் தாண்டிப் போகிறார். கேட்கிறவருக்கும் அதில் வேலை இருக்கிறது. அதனால்தான் மனப்பாடமான பிறகும் அலுப்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது நல்ல விஷயம்தான், ஆனால் காதுகள் அந்த முடிவை எப்போதோ எடுத்துவிட்டன.

இவ்வளவு புகழ் வந்த பிறகு ரோலின்ஸ் செய்ததுதான் அவரை எனக்கு இன்னும் பிடிக்கச் செய்தது. தன் வாசிப்பு தனக்கே போதவில்லை என்று 1959இல் மேடையை விட்டு விலகினார். குடியிருந்த கட்டடத்தில் சத்தமாக வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. ஆகவே நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போய், மணிக்கணக்காக, குளிரிலும் நின்று சாதகம் செய்தார். 1961 வரை இப்படி. திரும்பி வந்து செய்த ஆல்பத்துக்கு 'தி பிரிட்ஜ்' என்றே பெயர் வைத்தார். அறுபதுகளின் பின்பகுதியில் மறுபடி விலகி, பம்பாய் பவாயில் சுவாமி சின்மயானந்தாவின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்தார். உட்கார்ந்து தியானம் செய்ய மனம் நிலைக்கவில்லை என்று சொன்னபோது, வாசிப்பதே உங்களுக்குத் தியானம்தானே என்ற பதில் அங்கே கிடைத்ததாக ரோலின்ஸ் சொல்லியிருக்கிறார். 2012 வரை மேடையில் வாசித்தார், அதன் பிறகு நுரையீரல் நோய் நிறுத்திவிட்டது.

எப்படிக் கேட்பது என்று கேட்பீர்கள். முதல் நாள் 'செயிண்ட் தாமஸ்' மட்டும், இரண்டு மூன்று தடவை. ஒரு தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் ஆல்பத்தை வரிசையாக. 'ப்ளூ செவன்' முதலில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியலாம். பேஸின் நடையை எண்ணி, பன்னிரண்டு பாருக்கு ஒருமுறை சுற்று திரும்புவதைப் பிடித்துவிட்டால் கதவு திறந்துவிடும். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது, போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும்.

இது பிடித்துப்போனால் அடுத்து 1957இல் வந்த 'வே அவுட் வெஸ்ட்', பிறகு அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் நேரடியாகப் பதிவான ஆல்பம். இரண்டிலும் பியானோவே இல்லை, சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ் மூன்றுதான். கார்டுகளை எடுத்துக் கொடுக்க ஆளில்லாததால் ரோலின்ஸ் இன்னும் துணிந்து போகிறார். வான்கார்ட் பதிவுதான் அவருடைய உச்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள், முதலில் 'கொலாஸஸ்'.